இரண்டாவது ஆள்

பேராசிரியர் பென்ரி மேடைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடியும் துடைத்தார். துடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான் தெக்வின். சாயங்காலம்வரை துடைக்கட்டும். கை தவறி அது கீழே விழுந்து உடைந்தாலும் நல்லதுதான், அவரால் வாசிக்க முடியாமல் போகும், வேறு கண்ணாடி தேடி ஆள் அனுப்புவார்கள், அதற்குள் மழை வலுத்து இந்தப் பெரிய கூடாரத்தின் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போய்விடும், இரண்டாயிரம் பேரும் குடையை விரித்துக்கொண்டு அவரவர் பஸ்ஸைத் தேடிப் போவார்கள், அவனும் நெஸ்டாவும் போவார்கள். போகிற வழியில் அவள், ‘பாவம், இவ்வளவு ஏற்பாடு செஞ்சு கடைசியில இப்படி ஆயிடுச்சே’ என்பாள். அவன், ‘ஆமா, பாவம்’ என்பான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு ஒரு தட்டு இருக்கும். ஆனால் தலைக்கு மேலே கித்தானில் மழை ஒரே சீராகத்தான் விழுந்துகொண்டிருந்தது. வலுக்கவும் இல்லை, விடுவதாகவும் இல்லை. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை, மிதிபட்ட புல்லின் வாடை, அவற்றின் ஊடே நெஸ்டாவின் பெப்பர்மின்ட் வாடை. அவள் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், மேடையைப் பார்த்தபடி, சேப்பலில் பிரார்த்தனைக்கு உட்காருவது போல முதுகு சாயாமல். அவன் அண்ணன் அலெட்டின் மனைவி. விதவை என்று சொல்லவேண்டும். பதினாலு வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் மனசுக்குள்கூட ஒருமுறையும் சொல்லிப் பார்த்ததில்லை.

வேல்ஸ் தேசத்து நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் வருஷம் ஒருமுறை இந்த விழா நடக்கும். பாட்டு, ஒப்பித்தல், கவிதை, கதை எல்லாவற்றுக்கும் போட்டி, எல்லாம் வெல்ஷ் மொழியில். கதைக்குப் பரிசு கருவாலி மரத்தில் சித்திரவேலை செய்த ஒரு பெரிய நாற்காலி. அது இப்போது மேடையின் நடுவில் காலியாக நின்றுகொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் கதை அனுப்பலாம், ஆனால் புனைபெயரில் அனுப்ப வேண்டும். ஜெயித்தவனுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு கடிதம் வரும். யாரிடமும் மூச்சு விடாதே, அன்றைக்கு வந்து ஜனங்களோடு ஜனமாக உட்கார், நடுவர் பேசி முடித்து உன் புனைபெயரைச் சொல்வார், எக்காளம் ஊதுவார்கள், அப்போது எழுந்து நில். வர உனக்குச் சம்மதம்தானா என்று ஒரு வாரத்துக்குள் பதில் எழுது. ஒரு வாரம்! ஏழு நாள் அந்தக் கடிதத்தைக் கண்டக்டர் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு அவன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தான். வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், கதை ஒரு பெட்டிக்குள் போய்விடும், யாருக்கும் எதுவும் தெரியாது. எழுதத்தான் உட்கார்ந்தான். ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று தொடங்கினான். அடுத்த வரியில் சம்மதம் என்று இருந்தது. கை எழுதியதா, அவன் எழுதினானா? இந்தக் கேள்வியே ஏமாற்று. அவன்தான் எழுதினான். அந்த நாற்காலி அவனுக்கு வேண்டும். பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கியவன், தொழிலாளர் மன்றத்து நூலகத்தில் கைக் கரி பக்கத்தில் படுகிறதே என்று விரல் நுனியால் தாள் புரட்டிப் படித்தவன், காலேஜ் ஆட்களும் போதகர்களும் மட்டுமே உட்கார்ந்த அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார ஆசைப்பட்டான். அவ்வளவுதான். அதற்காக அண்ணனைக் கொடுத்தானா? இல்லை, அண்ணனுக்காகத்தான் எழுதினான். இல்லை, நாற்காலிக்காக. இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் புத்தி, சக்கரம் சேற்றில் மாட்டியது போல, நின்ற இடத்திலேயே சுற்றியது.

“இந்தத் தடவை மொத்தம் பதினோரு கதைகள் வந்தன” என்றார் பேராசிரியர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. ஒலிபெருக்கி ஒரு தரம் கீச்சிட்டு அடங்கியது. அவர் சம்பிரதாயப்படி கடைசித் தரத்திலிருந்து தொடங்கினார். ‘காட்டுப்புறா’ என்ற பெயரில் எழுதியவருக்கு நிறுத்தக்குறிகளோடு ஏதோ பகை. கூடாரம் சிரித்தது. ‘மலைமகன்’ இயற்கையை வர்ணித்து வர்ணித்துக் கதையைத் தொலைத்துவிட்டார். மறுபடி சிரிப்பு. நெஸ்டாவும் சிரித்தாள். குனிந்து அவன் காதருகே, “பாவம், அந்த மனுஷன் இங்கதான் எங்கயாவது உட்கார்ந்திருப்பான், இல்ல?” என்றாள். அவன் தலையாட்டினான். பதினொன்றில் இரண்டு போயிற்று. இன்னும் எட்டுப் பேர், அப்புறம் அவன். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் கால்மணி நேரம் இருக்கிறது. கால்மணி நேரத்தில் என்னவெல்லாம் நடக்கலாம். அவனுக்கு மயக்கம் வரலாம். இப்போதே எழுந்து, வயிற்று வலி என்று சொல்லி வெளியே போய்விடலாம். வரிசையின் முனைவரை ஏழு ஜோடி முழங்கால்கள் இருந்தன. ஏழு முறை மன்னிக்கணும், மன்னிக்கணும். அவன் வலது காலைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். கால் அவனுடையதாகவே இல்லை. வெளியே போனாலும் நெஸ்டா இங்கேயே இருப்பாளே. ஒலிபெருக்கி இங்கேயே இருக்குமே. அவன் இல்லாத இடத்தில் அவள் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்பாள். நான் வர்றேன் என்று அவள் கிளம்பியபோதே தடுத்திருக்க வேண்டும். தடுக்கத்தான் பார்த்தான். ‘மழை வரும் நெஸ்டா, சேறும் சகதியுமா இருக்கும்’ என்றான். ‘மழையைப் பார்த்தா இந்த ஊர்ல வாழ முடியுமா? எழுத்தாளன்னு ஒருத்தன் நம்ம வீட்ல இருந்துகிட்டு நான் இதுக்குக்கூட வரலேன்னா எப்படி?’ என்றாள். நம்ம வீடு என்றாள். அவன் கதைகள் நாலைந்து பத்திரிகையில் வந்திருந்தன. வந்த பக்கங்களை அவள் வெட்டி, பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

இரண்டு வரிசைக்கு முன்னால் நான்ட்வென் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய ஊர். ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள், பாட்டுக் குழுவுக்காக. சிவந்த கழுத்தும் தட்டைத் தொப்பியுமாக ஓரத்தில் இருந்தவன் கெரைன்ட், சுரங்க மேஸ்திரி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் சுரங்கக் கூரை இறங்கிய அன்றைக்குக் கல்லைத் தூக்கி அலெட்டை வெளியே இழுத்தவர்களில் ஒருவன். விசாரணையில் தெக்வின் சொன்னதை முதலில் நம்பியவனும் அவன்தான். நம்பியது மட்டுமா. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை நிற்கவைத்து அவன் இன்றைக்கும் அதைச் சொல்கிறான். ‘கூரையைத் தாங்கக் கொடுத்த முட்டுமரத்தை எந்தக் காரணத்துக்காகவும் தட்டிவிடாதே. அவசரப்பட்டுத் தட்டினவன் ஒருத்தன் இருந்தான், அலெட்னு பேரு.’ இப்போது அது ஆளின் பெயராகக்கூட இல்லை, ஒரு சொல்லாகிவிட்டது. யாராவது ஏனோதானோ என்று முட்டு நட்டால், ‘என்னடா இது, அலெட் வேலை?’ என்று அந்தச் சுரங்கத்தில் சொல்வார்கள். அலெட்டை ஒருநாளும் பார்த்திராதவர்கள் சொல்வார்கள். ஒருமுறை அவன் பஸ்ஸிலேயே, பின் சீட்டில், ஷிஃப்ட் முடிந்து வந்த இரண்டு பேர் சொல்லிச் சிரித்தார்கள். நெஸ்டா அதே பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் முட்டைக்கோஸ். அவள் திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் டிக்கெட் கட்டைப் பிடித்தபடி நடுவில் நின்றான். இறங்கும்போது அவள், “உனக்குக் கேட்டிருக்கக் கூடாதேன்னு நினைச்சேன்” என்றாள். அவனுக்காக வருத்தப்பட்டாள். அவனுக்காக.

அலெட் ஏனோதானோ என்று எதையும் செய்தவன் இல்லை. பூட்ஸ் கயிற்றைக்கூட இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவன். சுரங்கத்தில் கரி வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேர். ஒருவன் படுத்தபடி கரியின் அடியில் வெட்டிக்கொண்டு போவான், இரண்டாவது ஆள் விழுந்த கரியை அள்ளுவான், கூரைக்கு மரத்தில் முட்டு கொடுப்பான். முதல் ஆள் கூரையைப் பார்க்க மாட்டான், பார்க்க முடியாது, அவன் முகம் கரியில் இருக்கும். கூரையைப் பார்ப்பது இரண்டாவது ஆளின் கண். அண்ணன் முதல் ஆள், தம்பி இரண்டாவது. நாலு வருஷம் அப்படித்தான். அன்றைக்கும் முட்டுமரம் அளவாக வெட்டித் தெக்வின் பக்கத்திலேயே கிடந்தது. கையை நீட்டினால் எடுக்கலாம். ஆனால் கையில் பென்சில் இருந்தது. வெடிமருந்து சுற்றி வந்த தாளைக் கிழித்து முழங்காலில் விரித்து வைத்திருந்தான். காலையில் சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கும்போது ஒரு வரி தோன்றியது, மறந்துபோகுமே என்ற பயம், எழுதி வைத்துக்கொண்டால் போதும், ஒரு நிமிஷம், அப்புறம் மரத்தை நட்டுவிடலாம். அப்போது உள்ளேயிருந்து அலெட்டின் குரல்.

“முட்டு வெச்சிட்டியா?”

“ம்” என்றான் தெக்வின்.

அவ்வளவுதான். வாயைக்கூடத் திறக்கவில்லை. வைத்தேன் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறவன் யார் என்ன கேட்டாலும் சொல்கிற ம். வேலைக்கு நடுவே அம்மா கூப்பிட்டால் சொல்கிற ம். பதினாலு வருஷமாக அவன் அந்த ம்-ஐத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறான். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறான். அலெட் அதை நம்பி உள்ளே நகர்ந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அப்புறம் கூரை இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கனமான ஒருவர் பக்கத்து அறையில் நாற்காலியில் உட்காருவது போல இருந்தது. தூசி அடங்குவதற்குள் அவன் செய்த முதல் காரியம் என்ன? அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தினானா? தாளை வாயில் போட்டு மென்றான். கந்தகக் கசப்போடு விழுங்கினான். அதற்குப் பிறகுதான் கத்தினான். விசாரணையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “முட்டு வெச்சேன். வெட்டுறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு அண்ணன் தட்டி விட்டிருப்பான்” என்றான். சொன்னபோது அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு கதை சரியாக உட்காரும்போது தோன்றும் நிம்மதிதான் தோன்றியது. அதுதான் அவன் கட்டிய முதல் நல்ல கதை. எல்லாரும் நம்பினார்கள்.

“இனி, மற்ற எல்லாரையும் விட்டு வெகுதூரம் விலகி நிற்கும் ஒருவரிடம் வருகிறேன்” என்றார் பேராசிரியர்.

எங்கே போனார்கள் அந்த எட்டுப் பேர்? அவன் கேட்கவே இல்லையே. கால்மணி நேரம் என்று நினைத்தானே. “புனைபெயரைக் கடைசியில் சொல்கிறேன். கதை நடப்பது பூமிக்கு அடியில். இரண்டு சகோதரர்கள்.” பூமிக்கு அடியில் இரண்டு சகோதரர்கள். அப்படி எத்தனையோ பேர் உண்டு. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மட்டும் முப்பது சுரங்கம், வீட்டுக்கு வீடு சகோதரர்கள். பெயர்களை மாற்றியிருந்தான், ஊரை மாற்றியிருந்தான், அண்ணனுக்குச் சிவப்புத் தலைமுடி கொடுத்திருந்தான். நெஸ்டாவின் பக்கம் திரும்பாமல், கண்ணின் ஓரத்தால் அவள் கையை மட்டும் பார்த்தான். அது சட்டைப்பையில் அடுத்த பெப்பர்மின்ட்டைத் தேடிக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லை. சுரங்கக் கதை என்றால் அவள் கொஞ்சம் நிமிர்வாள், அவ்வளவுதான். பேராசிரியருக்குக் குரல் நன்றாக இருந்தது. தன் எழுத்தை அந்தக் குரலில் கேட்பது, இவ்வளவு பயத்துக்கு நடுவிலும், வெட்கக்கேடு, அவனுக்கு இனித்தது. இப்படி ஒருவர் வாசித்தால் தன் வாக்கியங்கள் நிற்கின்றன, சாயவில்லை. உடனே அந்த இனிப்பைப் பார்த்து அருவருத்தான். “பெரிய பெரிய வர்ணனைகள் கிடையாது. ஒரு சிறு விஷயத்தால் ஒரு மனிதனை நம் முன்னே நிறுத்திவிடுகிறார். அண்ணன் அன்று வேலைக்கு வந்தபோது காலில் போட்டிருந்தது மனைவியின் காலுறை. தன்னுடையது ஈரமாக இருந்ததாம். சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே பச்சை நூலில் ஒரு பட்டை. தம்பி பார்த்துச் சிரிக்கிறான். அண்ணன் என்ன சொல்கிறான் தெரியுமா? ‘சும்மா இருடா, இது என்னதைவிடக் கதகதப்பா இருக்கு, இனிமே இதான்’ என்கிறான்.”

கூடாரம் முழுக்கச் சிரித்தது. இரண்டாயிரம் பேர் அன்போடு சிரித்தார்கள். கெரைன்ட்டின் சிவந்த கழுத்துக் குலுங்கியது. நெஸ்டாவின் விரல்களில் பெப்பர்மின்ட் தாள் பாதி பிரிந்தபடி நின்றது.

அதை அவன் மாற்றவில்லை. எல்லாவற்றையும் மாற்றியவன் அதை மட்டும் விட்டுவிட்டான். மாற்றிப் பார்த்தான், கம்பளிச் சால்வை என்று எழுதிப் பார்த்தான், வாக்கியம் செத்துப்போனது, திரும்பக் காலுறையையே போட்டான். அலெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் கிடத்தியபோது கழுவியவள் நெஸ்டா. யாரையும் உள்ளே விடவில்லை. காலுறையை அவள்தான் கழற்றியிருப்பாள். அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும், உள்ளே படுத்திருந்த அலெட்டுக்குத் தெரிந்திருந்தது, உலகத்தில் இன்னும் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியமுடியும். அவள் மூச்சு நின்றது போல இருந்தது. நின்றதா? அவன் காதில் அவன் ரத்தமே இரைந்தது. பேராசிரியர் மேலே போய்விட்டார், கதையின் சுருக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், தம்பியின் கையில் பென்சில் இருக்கிறது, முட்டுமரம் தரையில் கிடக்கிறது, உள்ளேயிருந்து ஒரு கேள்வி வருகிறது. நிறுத்துங்கள் என்று எழுந்து கத்தினால் என்ன? கத்துவதற்கும் எழுந்து நிற்க வேண்டுமே. “தம்பி சொல்லும் பதிலில் ஓர் எழுத்துதான் இருக்கிறது. இந்தக் கதை முழுவதும் அந்த ஓர் எழுத்தில் தொங்குகிறது” என்றார் பேராசிரியர். அதைச் சொல்லியும் காட்டினார். ஒலிபெருக்கி வழியாக அந்த ம் கூடாரமெங்கும் போய்க் கித்தானில் முட்டித் திரும்பி வந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு குழந்தை இருமியது.

“உன்னோடதா?”

அவள் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கேட்கவே இல்லை என்று பாசாங்கு செய்யலாம். என்னது என்று திருப்பிக் கேட்கலாம். தொண்டைக்குள் பழக்கப்பட்ட அந்த ம் எழுந்து வந்தது. அதை விழுங்கினான். இதற்கு அது போதாது.

“ஆமா” என்றான்.

“நடந்தது அதுதானா?”

“ஆமா, நெஸ்டா.”

அவள் பெப்பர்மின்ட்டைத் தாளில் திரும்பச் சுற்றினாள். இரண்டு முனையையும் முறுக்கினாள். முறுக்கி முடித்தும் விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தாள். அடி, என்று அவன் மனசுக்குள் கெஞ்சினான். எல்லாரும் பார்க்க அடி. இல்லையென்றால் எழுந்து போய்விடு, ஏழு ஜோடி முழங்கால்களும் உனக்கு வழிவிடும். அவள் போகவில்லை. பக்கத்தில் அவள் உடம்பு மரக்கட்டை போல இறுகி, அவன் தோளில் படாமல், ஒரு விரற்கடை தூரம் ஒதுங்கியது. அந்த ஒரு விரற்கடையில் குளிர்ந்த காற்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தட்டு போயிற்று என்று நினைத்தான். அண்ணன் செத்ததை விட, பொய் சொன்னதை விட, இந்தப் பதினாலு வருஷமாக அவன் அதிகம் பயந்தது அந்தத் தட்டு போய்விடுமே என்றுதான். எத்தனை தரம் சொல்லக் கிளம்பியிருக்கிறான். சூப்பை ஊற்றிக்கொண்டே அவள், ‘என்ன, ஒரு மாதிரி இருக்கே?’ என்பாள். ‘ஒண்ணுமில்ல’ என்பான். உப்பை நகர்த்துவாள். வாயால் முடியாததால்தான் எழுதினான், எழுதியதை அவளிடம் காட்ட முடியாததால்தான் போட்டிக்கு அனுப்பினான், யாரோ மூன்று நடுவர்கள் படித்துவிட்டுக் கிழித்துப் போடட்டும், யாரோ ஒருவருக்காவது தெரிந்துவிட்டால் நெஞ்சில் இறுகியிருப்பது கொஞ்சம் இளகும் என்று. அதுதான் உண்மையா? கூரை இறங்குகிற அந்த வாக்கியத்தை அவன் பதினேழு தடவை மாற்றி எழுதினான். ஓசை சரியாக விழ வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். அண்ணனை ஒரு தடவைதான் கொன்றான் என்று எப்படிச் சொல்வது?

“தம்பி தாளில் எழுதிக்கொண்டிருந்த அந்த வரியையும் ஆசிரியர் நமக்குக் காட்டுகிறார்” என்று பேராசிரியர் புன்னகை செய்தார். “‘மழை, மலையின் தோளில் தலைசாய்த்து அழுதது.’ கவனியுங்கள், இது மோசமான வரி. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பழைய வரி. ஒரு மனித உயிர் இப்படி ஒரு மட்டமான வரிக்காகப் போயிற்று என்று காட்டுவதற்கு ஆசிரியர் வேண்டுமென்றே இதைத் தேர்ந்திருக்கிறார். என்ன ஒரு தேர்ச்சி!” அவன் முகம் பற்றி எரிந்தது. வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கவில்லை ஐயா. அதுதான் அந்த வரி. அன்றைக்கு அது அவனுக்கு அழகாகத் தெரிந்தது. அதைக் காப்பாற்றத்தான் நினைத்தான்.

பேராசிரியர் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். “நடுவர்கள் மூவரும் ஒரே முடிவுக்கு வந்தோம். நாற்காலி, ‘இரண்டாவது ஆள்’ என்ற புனைபெயரில் எழுதியவருக்கு. எக்காளம் ஒலித்ததும் ‘இரண்டாவது ஆள்’, அவர் மட்டும், எழுந்து நிற்கட்டும்.” கூடாரத்தின் விளக்குகள் குறைந்தன. ஒரு வட்ட வெளிச்சம் கூரையில் தோன்றி, ஆளைத் தேடிக்கொண்டு வரிசைகளின் மேல் நகர்ந்தது. மேடையின் இரு ஓரத்திலும் எக்காளங்கள் ஒரு தரம் முழங்கின. அவன் எழவில்லை. எழாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தான். அவனுக்கே ஆச்சரியமாக, யோசனை மிகத் தெளிவாக வந்தது. மூன்று தரம் ஊதுவார்கள். யாரும் எழவில்லை என்றால் ஆள் வரவில்லை என்று அறிவித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போவார்கள். நெஸ்டாவுக்குத் தெரிந்துவிட்டது, அது போதும், மிச்சம் அவளுக்கும் அவனுக்கும் உள்ளது, வேறு யாருக்கு என்ன? வட்ட வெளிச்சம் கெரைன்ட்டின் தொப்பியைத் தடவிக்கொண்டு போனது. நான்ட்வென் ஆட்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஜெயித்தவன் எந்தப் பக்கம் என்று. கெரைன்ட் அவன் பக்கமும் திரும்பி, பழக்கத்தில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மறுபடி வேறு பக்கம் தேடினான். இரண்டாவது தரம் ஊதினார்கள்.

“எழுந்திரு” என்றாள் நெஸ்டா.

அவன் முன் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எழுந்திரு தெக்வின்.”

“முடியல.”

“முடியணும்.” அவள் இப்போது அவனைப் பார்த்தாள். அழவில்லை. அவள் முகத்தில் அவன் எதிர்பார்த்த எதுவும் இல்லை, கோபம்கூட இல்லை, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவளின் அவசரம்தான் இருந்தது. “நீ எழுந்திருக்கலேன்னா அது வெறும் கதை. யாரோ எழுதின கதை. நாளைக்கும் அந்தக் குழிக்குள்ள அலெட் வேலைன்னுதான் சொல்வானுங்க. நான் அதைப் பஸ்ல கேட்டுக்கிட்டு வரணும். அவன் முன்னாடி உட்கார்ந்திருக்கான் பாரு, கெரைன்ட்டு, அவன் பார்க்கணும். உன் மூஞ்சியைப் பார்க்கணும். எழுந்திரு.”

அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். பதினாலு வருஷத்தில் அவள் அவனைத் தொட்டது எத்தனை தரமோ, இப்படித் தொட்டதில்லை. விரல்கள் கோட்டின் துணியைத் தாண்டி எலும்பில் இறங்கின. தப்பி ஓடப்போகிறவனைப் பிடிக்கிற பிடி. மூன்றாவது எக்காளம் தொடங்கியது. அவள் மேல்நோக்கித் தள்ளினாள், அவன் எழுந்தானா, அவள் எழுப்பினாளா, அவன் நின்றுகொண்டிருந்தான். வெளிச்சம் வேறெங்கோ அலைந்து, தயங்கி, பாய்ந்து வந்து அவன் மேல் விழுந்தது. கண் கூசியது. முகங்கள் எல்லாம் போய்விட்டன, வெள்ளையாக ஒரு சுவர் மட்டும். அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து கைதட்டல் மழையைவிடப் பெரிதாக எழுந்தது. ஓடவேண்டும் என்று கால் துடித்தது. ஓட இடமில்லை. வெள்ளை அங்கி போட்ட விழாக்காரர்கள் இரண்டு பேர் வந்து அவனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஏழு ஜோடி முழங்கால்களும் தாமாக ஒதுங்கின. நடுவழியில் நடக்கும்போது யாரோ அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், “சபாஷ், தம்பி!” என்றார்கள். மேடைப் படி மூன்று. மூன்றாவதில் தடுக்கியது. பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் குனிந்து அவன் பெயரைக் கேட்டு, ஒலிபெருக்கியில் சொன்னார். “நான்ட்வென் ஊரைச் சேர்ந்த தெக்வின் பாரி. முன்னாள் சுரங்கத் தொழிலாளி. இப்போது பஸ் கண்டக்டர்.”

கைதட்டல் தொடர்ந்தது. ஆனால் ஓரிடத்தில் மட்டும், இரண்டாயிரம் பேருக்கு நடுவில் ஒரு வரிசையில் மட்டும், அது அறுந்தது. வெளிச்சம் இப்போது கூடாரம் முழுவதும் பரவியதால் அவனுக்கு முகங்கள் தெரிந்தன. நான்ட்வென் ஆட்கள் கையைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ கேட்டாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கெரைன்ட் மட்டும் அப்படியே மேடையைப் பார்த்தபடி இருந்தான். அவன் முகத்தில் ஒரு கணக்கு மெதுவாக நடந்துகொண்டிருந்தது, இரண்டு சகோதரர்கள், முட்டுமரம், பென்சில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு விசாரணையில் நின்றவன். அது முடிந்த இடத்தைத் தெக்வின் பார்த்தான். அந்த வாய் மெல்லத் திறந்தது.

விழாத் தலைவர் அவன் தலைக்கு மேலே ஒரு பெரிய வாளை உறையோடு பிடிக்கச் செய்தார். நாற்காலியில் உட்காரும் எவனுக்கும் அப்படித்தான். வாளைப் பாதி உருவிக்கொண்டு அவர் சபையைப் பார்த்து, “சமாதானமா?” என்று கேட்டார். “சமாதானம்!” என்று கூடாரம் முழங்கியது. வாள் உறைக்குள் போனது. மறுபடி உருவினார். “சமாதானமா?” “சமாதானம்!” அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வாளின் இரும்பு வாடை மூக்கில் பட்டது. இதையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்துவிடலாம் என்று உள்ளே பழைய ஆள் ஒருவன் சொன்னான். மூன்றாவது தரம் வாள் உரசும் சத்தம் கேட்டபோது அவன் கண்ணைத் திறந்து அவளைத் தேடினான். தேடவே வேண்டியிருக்கவில்லை. எல்லா வாய்களும் திறந்து, “சமாதானம்!” என்று ஒரே குரலாகச் சொன்னபோது, நெஸ்டாவின் வாய் மூடியிருந்தது. அவள் அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்விக்கு இந்தக் கூடாரத்தில் நிஜமாகப் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான் என்று அவனுக்குத் தோன்றியது. பயம் போகவில்லை. இனி போகாது என்பதும், அந்தப் பயத்தோடே பஸ்ஸில் போய் வந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கவும் வேண்டும் என்பதும் அவனுக்குப் புரிந்தது.

உட்காரச் சொல்லி யாரோ தோளை அழுத்தினார்கள். அவன் உட்காராமல் நின்றான், ஏனென்றால் கெரைன்ட் எழுந்திருந்தான். எல்லாரும் மேடையைப் பார்த்திருக்க, அவன் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் இருந்த வரிசையைப் பார்த்து நின்றான். தட்டைத் தொப்பியைக் கழற்றினான். இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நெஸ்டாவின் முன்னால் தலை குனிந்தான். அவள் உட்கார்ந்தபடியே அவனுக்கு ஒரு தரம் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் தெக்வின் உட்கார்ந்தான்.